நீரடைப்பும் நேர்த்திக்கடனும்

மூத்திரம் என்கிற வார்த்தையை ஒரு பத்திரிகையில் முதல் வரியிலேயே அச்சடிப்பது நாகரிகமா என்று சில "பெரிய மனிதர்கள்" நம்மைக் கேட்கக் கூடும். கேட்கட்டும். அப்படிக் கேட்கிறவர் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் புரோகிதர் மாவிலையால் வாசல்படி முதல் அடுப்படி வரை தெளித்தது என்ன? பஞ்சகவ்வியம் என்று உள்ளங்கையில் ஊற்றியதைக் கண்ணில் ஒற்றிக் குடித்தாரே, அந்த ஐந்தில் ஒன்று என்ன? மாட்டின் மூத்திரத்தைக் கோமியம் என்று சொல்லித் தலையில் தெளித்துக் கொள்வது ஆசாரம். மனிதன் தனக்கு மூத்திரம் வரவில்லை, வயிறு வெடிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்வது மட்டும் அசிங்கம் என்றால், இந்த நாகரிகம் மாட்டுக்கு ஏற்பட்டதா, மனிதனுக்கு ஏற்பட்டதா என்று கேட்கிறோம்.

இந்த வெட்கத்தினால் யாருக்கும் நஷ்டமில்லை என்றால் நாமும் பேசாமல் இருந்துவிடலாம். ஆனால் கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், கயத்தாறு, கழுகுமலை என்று இந்தக் கரிசல் சீமை முழுவதிலும், வாய்விட்டுச் சொல்ல வெட்கப்பட்டும், சொன்ன பிறகு கோடாங்கி வீட்டுக்கும் ஜோசியர் வீட்டுக்கும் அலைந்தும், கால்மணி நேரத்தில் தீர வேண்டிய ஒரு உபத்திரவத்தை மூன்று நாள் நரக வேதனையாக்கிக் கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். சிலர் மூத்திரக்காயையே கெடுத்துக் கொள்கிறார்கள். ஆகவே எழுதுகிறோம்.

முதலாவதாக, நம் ஜனங்கள் இரண்டு வியாதிகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக் கொள்ளுகிறார்கள். ஒன்று நீர்ச்சுருக்கு. சித்திரை வெயிலில் பருத்திக் காட்டிலும் மிளகாய்த் தோட்டத்திலும் பகல் முழுவதும் வேலை செய்து, வேண்டிய தண்ணீர் குடிக்காவிட்டால் மூத்திரம் கொஞ்சமாக, மஞ்சளாக, எரிச்சலோடு இறங்கும். இதற்குக் கால் பெருவிரலில் சுண்ணாம்பு தடவுகிறார்கள். தடவிவிட்டு ஒரு செம்பு மோரையும் குடித்து நிழலில் படுக்கிறார்கள். சாயங்காலம் எரிச்சல் நின்றுவிடுகிறது. குடித்த மோருக்கும் நிழலுக்கும் சேரவேண்டிய பெயரைச் சுண்ணாம்பு தட்டிக்கொண்டு போய்விடுகிறது. இதனால் பெரிய கேடு ஒன்றும் இல்லை. எரிச்சலோடு குளிர்காய்ச்சல், முதுகுவலி, இரத்தம் என்று சேர்ந்து வந்தால் மட்டும் சுண்ணாம்பு டப்பியை வைத்துவிட்டு வைத்தியரிடம் போக வேண்டும்.

மற்றொன்று நீரடைப்பு. இது வேறு சங்கதி. இதில் மூத்திரம் ஊறிக்கொண்டேயிருக்கிறது, பை நிரம்பிக்கொண்டேயிருக்கிறது, வழிதான் அடைபட்டிருக்கிறது. மனிதனுடைய மூத்திரப்பை சாதாரணமாக 400, 500 மில்லி பிடிக்கும். பாதி நிரம்பும்போதே "போய் வா" என்று சொல்ல ஆரம்பித்துவிடும். அடைத்துக் கொண்டாலோ 1 லிட்டர், அதற்கு மேலும் கூடத் தேங்கும். தொப்புளுக்குக் கீழே குடம் கவிழ்த்தது போலப் புடைத்து நிற்கும். நிற்க முடியாது, உட்கார முடியாது, படுக்க முடியாது.

இப்பொழுது ஒரு வயதான சம்சாரிக்கு இப்படி அடைத்துக் கொண்டால் நம் கிராமங்களில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். முதல் நாள் ராத்திரி அவர் யாரிடமும் சொல்லுவதில்லை. மகனிடம் சொல்ல வெட்கம். மருமகள் காதில் விழுந்தால் மானம் போய்விடும். ஆறு தடவை எழுந்து வேலிப்பக்கம் போய் வருகிறார். விடிந்ததும் பக்கத்து வீட்டு மச்சினர், "என்ன மாமா, மூஞ்சி இப்படிக் கறுத்துக் கிடக்கு?" என்று கேட்டால், "ஒண்ணுமில்லப்பா, சூடு" என்கிறார். சூடு என்று சொன்ன மாத்திரத்தில் வீடே வைத்தியசாலையாகிவிடுகிறது. ஒருத்தி வாழைத்தண்டை இடிக்கிறாள். ஒருத்தி பார்லி காய்ச்சுகிறாள். மற்றொருவர் நெருஞ்சி முள்ளைக் கொதிக்க வைத்துச் செம்பு செம்பாகக் கொண்டுவந்து, "குடியும், குடியும், குடிச்சாத்தான் இறங்கும்" என்கிறார். வெளியே போக வழியில்லாத ஒரு கண்மாயில் மேலும் மேலும் மடையைத் திறந்து தண்ணீர் விடுகிறவனை நம் ஊரில் யாராவது புத்திசாலி என்பார்களா? அதைத்தான் ஆசையோடும் அன்போடும் இந்தக் கிழவர் வயிற்றுக்குள் செய்கிறார்கள். நீர்ச்சுருக்குக்கு எது மருந்தோ அதுவே நீரடைப்புக்கு விஷம் போலாகிறது. நாம் இந்தக் கட்டுரையில் வேறு எதைப் படித்தவர்கள் மறந்தாலும் சரி, அடைத்துக் கொண்டவனுக்குக் குடிக்கக் கொடுத்துக் கொண்டேயிருக்கக் கூடாது என்பதை மட்டும் மறக்கக் கூடாது என்று கேட்டுக் கொள்ளுகிறோம்.

நிற்க. இரண்டாம் நாள் கோடாங்கி வருகிறார். உடுக்கை அடிக்கிறார். "ஓடைக்கரையில் உச்சிப்பொழுதில் நீர் விட்டான், அங்கே குடியிருக்கிற முனி அடித்துவிட்டது" என்கிறார். நம் ஊரில் ஓடைக்கரையில் நீர் விடாத ஆண்பிள்ளை எத்தனை பேர்? அத்தனை பேரையும் விட்டுவிட்டு அறுபது வயதானவர்களையே தேடிப் பிடித்து அடிக்கிற முனி ஏது? உடனே சேவல் நேர்ந்து கொள்கிறார்கள். அம்மன் கோயிலில் படுக்க வைத்து, உப்பியிருக்கிற அதே வயிற்றின்மேல் மாவிளக்கு ஏற்றுவதாகவும் வேண்டிக் கொள்கிறார்கள்.

மூன்றாம் நாள் ஒரு "அற்புதம்" நடக்கிறது. கிழவர் வேட்டி நனைகிறது. சொட்டுச் சொட்டாக மூத்திரம் தானாக ஒழுகுகிறது. "ஆத்தா கண் திறந்துவிட்டாள்" என்று குலவை போடுகிறார்கள். உண்மையில் நடந்தது என்ன? நிரம்பிய தொட்டி விளிம்பு வழிகிறது, அவ்வளவுதான். பை காலியாகவில்லை. இந்த நிலைமை நீடித்தால் தேங்கிய நீர் பின்னோக்கி அழுத்தி, மேலே இருக்கிற இரண்டு மூத்திரக்காய்களும் வீங்கிக் கெட்டுப் போகும். ஆத்தா கண்ணைத் திறந்ததாக ஊர் சந்தோஷப்படுகிற நேரத்தில்தான் ஆசாமியின் கண் மூடுவதற்கு வழி ஏற்படுகிறது.

இதற்கு மேல் ஒரு வேடிக்கை. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று எல்லோரும் ஒருவழியாகத் தீர்மானித்து வண்டி வாசலில் வந்து நின்ற பிறகு, "இன்றைக்குச் செவ்வாய், 3 மணிக்கு ராகுகாலம் பிறந்துவிட்டது, 4.30 கழியட்டும்" என்று ஒரு பெரியவர் தடுப்பார். சரி, கணக்குப் பார்ப்போம். நல்ல தேகத்தில் மூத்திரக்காய் மணிக்கு 50 முதல் 100 மில்லி வரை நீரை இறக்கிக் கொண்டேயிருக்கிறது. அது ராகுவுக்காகவும் நிற்பதில்லை, எமகண்டத்துக்காகவும் நிற்பதில்லை. ஒன்றரை மணி நேரத்தில் ஏறக்குறைய 100 மில்லி மேலும் ஏறிவிடும். ஏற்கெனவே வெடிக்கிற வயிற்றில் இந்த 100 மில்லியை ராகுவின் பேரால் ஊற்றியவர் அந்தப் பெரியவரே என்பதை அவர் அறிவாரா?

கிரகங்களைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒரு சரித்திர விஷயத்தைச் சொல்லுகிறோம். டைக்கோ பிராஹி என்று டென்மார்க்கு தேசத்தில் ஒரு வானசாஸ்திரி இருந்தார். தூரதிருஷ்டிக் கண்ணாடி வருவதற்கு முன்பே வெறும் கண்ணால் கிரகங்களை அவரைப் போல் நுட்பமாக அளந்தவர்கள் யாரும் இல்லை. அந்தக் காலத்து வழக்கப்படி ராஜகுமாரர்களுக்கு ஜாதகமும் எழுதிக் கொடுத்தார். 1601 அக்டோபரில் பிராகு நகரத்தில் ஒரு பிரபுவின் விருந்துக்குப் போனார். நடுவில் எழுந்து போவது மரியாதைக் குறைவு என்று மூத்திரத்தை அடக்கிக் கொண்டு உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு வந்த பிறகு நீர் இறங்கவில்லை. பதினோரு நாள் துடித்து, அக்டோபர் 24-ந் தேதி இறந்து போனார். உடனிருந்த கெப்ளர் இதை எழுதி வைத்திருக்கிறார். விஷம் வைத்துக் கொன்றார்கள் என்று பிற்காலத்தில் ஒரு கதை எழுந்தது. 2010-ல் அவர் கல்லறையைத் திறந்து எலும்பையும் மயிரையும் சோதித்துப் பார்த்து, ஆளைக் கொல்லும் அளவுக்குப் பாதரசம் இல்லை என்று 2012-ல் சொல்லிவிட்டார்கள். உலகத்துக்கே கிரகங்களின் இருப்பிடத்தைக் குறித்துக் கொடுத்தவருக்கு ஒரு கிரகமாவது வந்து உதவியதா? இல்லை. மரியாதை என்ற ஒன்றுமில்லாத பொருள் அவரைக் கொண்டுபோய்விட்டது. அந்த மரியாதைதான் இன்றைக்கு நம் ஊர்க் கலியாணப் பந்தியிலும், பஸ்ஸிலும், பள்ளிக்கூடத்திலும் நம்மை அடக்கிக் கொண்டு உட்கார வைக்கிறது.

நமது சாஸ்திரங்கள் இந்த விஷயத்தில் சும்மா இருந்துவிட்டன என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். மனுதர்மம் நாலாம் அத்தியாயத்தில் மூத்திரம் பெய்வதற்கு ஒரு பெரிய சட்டமே இருக்கிறது. பகலில் வடக்கே பார்க்க வேண்டும். இரவில் தெற்கே பார்க்க வேண்டும். சூரியன், நெருப்பு, தண்ணீர், பசு, பிராமணன் ஆகியவற்றைப் பார்த்துக் கொண்டு பெய்யக் கூடாது. பெய்தால் புத்தி கெட்டுவிடும். மூத்திரம் பெய்கிற சங்கதியில்கூடப் பசுவையும் பிராமணனையும் கொண்டு வந்து நிறுத்தாமல் மனுவுக்குத் தூக்கம் வரவில்லை போலும்! வடக்கே பார்த்தாலும் வராமல், தெற்கே பார்த்தாலும் வராமல் துடிக்கிறவனுக்கு அவர் என்ன வழி சொன்னார்? அதே அத்தியாயத்தில், வைத்தியன் கொடுக்கிற சோறு சீழுக்குச் சமானம், அதை உண்ணாதே என்று சொன்னார். இந்த நாட்டில் சுசுருத சம்ஹிதை என்று ஒரு வைத்திய நூல் இருக்கிறது. மூத்திரப்பையில் இருக்கிற கல்லைக் கத்தி வைத்து எடுக்கிற முறை அதில் விவரமாக எழுதப்பட்டிருக்கிறது. அதைக் காட்டி, "அக்காலத்திலேயே எங்களிடம் எல்லாம் இருந்தது" என்று மார்தட்டுகிறவர்கள், கத்தி எடுத்தவன் வீட்டுச் சோற்றைச் சீழ் என்று சொன்னது எந்த மதம் என்பதை மாத்திரம் வசதியாக மறந்துவிடுகிறார்கள். கத்தியைத் தொட்டவனைத் தீண்டாதே என்ற நாட்டில் கத்தி வைத்தியம் எப்படி வளரும்?

அமெரிக்காவில் பெஞ்சமின் பிராங்க்ளின் என்பவர் இருந்தார். அவருடைய தமையனாருக்கு மூத்திரப்பையில் கல். 1752-ல் ஒரு வெள்ளி வேலைக்காரரைக் கொண்டு வளைந்து கொடுக்கிற வெள்ளிக் குழாய் ஒன்று செய்து தமையனாருக்கு அனுப்பினார். இடி மின்னல் என்பது தேவர்களின் ஆயுதமல்ல, வெறும் மின்சாரம் என்று இதே பிராங்க்ளின் பட்டம் விட்டுக் காட்டியதும் இந்த 1752-ஆம் வருஷத்தில்தான் என்கிறார்கள். பின்னர் 1930-களில் ஃபோலி என்ற அமெரிக்க வைத்தியர், நுனியில் சிறிய பலூன் வைத்த ரப்பர் குழாயைக் கொண்டு வந்தார். உள்ளே போனதும் பலூனில் தண்ணீர் ஏற்றினால் குழாய் நழுவாது. கோவில்பட்டி அரசாங்க ஆஸ்பத்திரியிலும், திருநெல்வேலி, தூத்துக்குடி மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிகளிலும் நர்சுகள் தட்டில் வைத்துக் கொண்டு வருவது இந்தக் குழாயைத்தான். காசில்லை. சில நிமிஷ வேலை. மூன்று நாள் துடித்தவன், நீர் வடிந்ததும் அந்தக் கட்டிலிலேயே தூங்கிவிடுகிறான். அந்தத் தூக்கத்தைப் பார்த்தவர்கள் யாரும் மறுபடி கோடாங்கியைத் தேடிப் போக மாட்டார்கள் என்றுதான் நாம் நினைத்திருந்தோம். ஆனால் குழாய் வைத்தது ஆஸ்பத்திரி, சேவல் தின்றது முனி என்கிற கணக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை.

இது ஏன் வருகிறது? ஆண்களுக்கு மூத்திரப்பையின் கழுத்தைச் சுற்றிப் பிராஸ்டேட் என்று ஒரு சுரப்பி இருக்கிறது. ஐம்பது வயதுக்கு மேல் அது பலருக்கும் பருக்கிறது. பருத்து வழியை நெருக்குகிறது. சித்த வைத்தியர்கள் சதையடைப்பு என்று சொல்லுவதை இதோடு சேர்த்துப் பார்க்கலாம். ராத்திரியில் அடிக்கடி எழுவது, தாரை மெலிவது, நின்று நின்று வருவது, போய் வந்தும் மிச்சம் இருப்பதாகத் தோன்றுவது, இவையெல்லாம் அது முன்கூட்டியே கொடுக்கிற நோட்டீசு. அப்பொழுதே போனால் பெரும்பாலோருக்கு டாம்சுலோசின் போன்ற மாத்திரை போதும். போதாதவர்களுக்கு மேலே கீறாமல் மூத்திரத் துவாரத்தின் வழியாகவே சதையைச் செதுக்கி எடுக்கிறார்கள். கல் அடைப்பதுண்டு. மேகவியாதியாலோ அடிபட்டதாலோ வழி சுருங்குவதுண்டு. சர்க்கரை வியாதி நாள்பட்டால் பைக்குப் போகிற நரம்பு மரத்து, நிரம்பியதே தெரியாமல் போவதுண்டு. மலச்சிக்கல் ஒன்றே போதும் சிலருக்கு. சளிக்கு என்று கடையில் கேட்டு வாங்கிப் போட்டுக் கொள்கிற மாத்திரைகளில் சில, வயதான ஆண்களுக்கு ஒரே இரவில் நீரைக் கட்டிவிடும். எனவே நீர் கட்டியவனிடம், "எந்த ஓடைக்கரையில் நின்றாய்?" என்று கேட்பதை விட்டுவிட்டு, "நேற்று என்ன மாத்திரை போட்டாய்?" என்று கேட்பதே அறிவுடைமையாகும். வெந்நீர் ஒற்றடம் கொடுத்து, தனியாக உட்கார வைத்து ஒரு மணி நேரம் பார்க்கலாம். வராவிட்டால் 108-க்குச் சொல்லிவிட வேண்டியதுதான். வீட்டில் யாரும் எதையும் உள்ளே விட்டுக் குத்திப் பார்க்கக் கூடாது.

வெட்கத்தைப் பற்றிச் சொன்னோம். இந்த நாட்டில் மூத்திரக் குழாயைப் பற்றி வெட்கப்படாத ஒருவரை நம் ஜனங்கள் லட்சக்கணக்கில் நேரில் பார்த்திருக்கிறார்கள். பெரியார் ஈ.வெ.ரா. தமது கடைசி வருஷங்களில் குழாய் மூலமாகவே மூத்திரம் கழிய வேண்டிய நிலையில் இருந்தார். அந்தக் குழாயோடும் அதற்குரிய பாத்திரத்தோடும் வேனில் ஏறி ஊர் ஊராகப் போனார். மேடையில் உட்கார்ந்து மணிக்கணக்கில் பேசினார். 1973 டிசம்பர் 19-ந் தேதி சென்னை தியாகராய நகரில் பேசியதுதான் கடைசிப் பேச்சு. வலி தாங்காமல் இடையிடையே முனகிக் கொண்டே பேசி முடித்தார். டிசம்பர் 24-ந் தேதி வேலூர் கிறிஸ்தவ ஆஸ்பத்திரியில் 94-வது வயதில் காலமானார். "கடவுளைத் திட்டியதற்குக் கிடைத்த தண்டனை" என்று அப்பொழுதே சிலர் சொன்னார்கள். அப்படியானால், தினம் மூன்று வேளை கோயிலுக்குப் போகிற கிழவர்களுக்கும் பிராஸ்டேட் பருக்கிறதே, அவர்கள் யாரைத் திட்டினார்கள்? இன்னும் சிலர், "கடவுள் இல்லை என்றவர் ஏன் கிறிஸ்தவ ஆஸ்பத்திரிக்குப் போனார்?" என்று கேட்கிறார்கள். அங்கே அவர் குழாய்க்காகவும் வைத்தியருக்காகவும் போனார், ஜெபத்துக்குப் போகவில்லை. இதே ஜனங்களுடைய மடாதிபதிகளும் அர்ச்சகர்களும் வியாதி என்றதும் தீர்த்தத்தையும் பிரசாதத்தையும் வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குத்தானே ஓடுகிறார்கள்?

அந்த வேலூர் ஆஸ்பத்திரி ஏற்பட்ட கதையும் வெட்கத்தின் கதையே. ஐடா ஸ்கடர் என்ற இளம்பெண் திண்டிவனத்தில் பாதிரியும் டாக்டருமான தன் தகப்பனார் வீட்டில் இருந்தபோது, ஒரே இரவில் மூன்று ஆண்கள் தங்கள் மனைவிமார் பிரசவத்தில் துடிப்பதாக வந்து நின்றார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், மற்றொருவர் வேறு ஜாதி இந்து. ஆண் டாக்டர் வந்து பார்க்கிறேன் என்றால் மூன்று பேரும் கூடாது என்றார்கள். மூன்று பெண்களும் செத்தார்கள். எந்த விஷயத்திலும் ஒத்துப் போகாத மூன்று பேரும் பெண்ணைச் சாகவிடுவதில் மட்டும் ஒத்துப் போனார்கள். அந்தப் பெண் அமெரிக்கா சென்று டாக்டருக்குப் படித்துத் திரும்பி, 1900-ல் வேலூரில் வேலையைத் தொடங்கினார்.

பெண்கள் சங்கதிக்கு வருவோம். ஆணுக்கு நீர் அடைப்பது பெரும்பாலும் கிழப்பருவத்தில். பெண்ணையோ நாம் பன்னிரண்டு வயது முதற்கொண்டே அடக்கச் சொல்லிப் பழக்குகிறோம். கரிசல் காட்டில் ஒரு மரமில்லை. சீமைக் கருவேலம் புதர்தான் மறைவு. விடியுமுன் ஒரு தடவை, இருட்டிய பிறகு ஒரு தடவை. நடுவில் பகல் முழுவதும் அடக்க வேண்டும். அடக்குவதற்காகத் தண்ணீர் குடிக்காமல் இருக்க வேண்டும். தீப்பெட்டி ஆபீசில் பெட்டிக் கணக்குக்குக் கூலி. எழுந்து போனால் கணக்குக் குறைகிறது. இதனால் நீர்க்கடுப்பு, கிருமி, கல் எல்லாம் வந்து சேருகின்றன. வந்த பிறகு அதையும் ஆண் டாக்டரிடம் சொல்லக் கூடாதாம். "வயித்து வலி" என்றே சொல்ல வேண்டுமாம். தொழிற்சாலை என்றால் ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியே கக்கூசு வைத்துத்தான் ஆக வேண்டும் என்று 1948-லேயே தொழிற்சாலைச் சட்டம் எழுதியது. சட்டம் டெல்லியில் இருந்தது. பூட்டும் சாவியும் மேஸ்திரியின் இடுப்பில் இருந்தது. கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் ஜவுளிக்கடைகளிலும் மற்றக் கடைகளிலும் வேலை செய்த பெண்கள், எங்களுக்கு மூத்திரம் பெய்ய இடம் வேண்டும் என்று வீதிக்கு வந்து சங்கம் சேர்ந்தார்கள். அந்தக் கிளர்ச்சியிலிருந்து வளர்ந்துதான், நின்றே வேலை செய்யாமல் உட்காரும் உரிமை கேரளத்தில் 2018-லும் தமிழ்நாட்டில் 2021-லும் சட்டமாயிற்று. மூத்திரம் என்று வாய்விட்டுச் சொல்ல அவர்கள் வெட்கப்பட்டிருந்தால் இன்றைக்கு அந்த நாற்காலி கிடையாது.

நம்முடைய ஊர்களில் இந்தக் கஷ்டத்துக்குக் கண்டுபிடித்திருக்கிற பரிகாரம் என்ன தெரியுமா? மதில்சுவரில் வரிசையாக ஓடு பதிக்கிறார்கள். பிள்ளையார் ஒன்று, சிலுவை ஒன்று, பிறைச் சந்திரன் ஒன்று. சர்வ வல்லமையுள்ள மூன்று மதத்துக் கடவுள்களுக்கும் சேர்த்துக் கடைசியில் கிடைத்த உத்தியோகம், மூத்திரம் பெய்கிறவனைத் தடுக்கிற காவல் வேலை. அதிலும் சம்பளம் இல்லை. அந்த ஓட்டுக்குப் பதிலாக அங்கே ஒரு மூத்திரக் கூடம் கட்டினால் சுவரும் பிழைக்கும், கடவுளின் மரியாதையும் பிழைக்கும், பஸ்ஸுக்கு நிற்கிற பெண்பிள்ளையும் பிழைப்பாள்.

பணத்துக்கு எங்கே போவது என்று கேட்பார்கள். வருஷா வருஷம் அம்மன் கொடைக்குத் தலைக்கட்டு வரி எழுதுகிறீர்களே, யாராவது பணமில்லை என்று நோட்டைத் திருப்பி அனுப்பியதுண்டா? வில்லுப்பாட்டு, கரகாட்டம், வாணவேடிக்கை, ஒலிபெருக்கி என்று ஒவ்வொன்றுக்கும் அதில் ஒரு பக்கம் இருக்கிறது. பல ஊர்களில் சர்க்கார் கட்டிக் கொடுத்த கக்கூசு தண்ணீர் இல்லாமல் சோளத்தட்டை அடுக்கக் கிடக்கிறது. பெண்பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடத்துக் கக்கூசுக்கு ஒரு குழாய், ஒரு கதவு, கதவுக்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள், சுத்தம் செய்ய வருகிறவருக்கு மாதச் சம்பளமும் கையுறையும். அந்த வேலைக்கு ஒரே ஜாதியை மட்டும் கூப்பிடாத யோக்கியதையும் வேண்டும். வருகிற கொடைக்கு வரி எழுதும் நோட்டு கையில் வந்ததும், நமது தோழர்கள் தங்கள் தலைக்கட்டுப் பணத்தை இந்தப் பக்கத்தில் எழுதச் சொல்லிக் கேட்கட்டும். அப்படி ஒரு பக்கம் இல்லை என்று சொன்னால், இன்றைக்கே ஒரு கோடு போட்டு முதல் பேரைத் தாங்களே எழுதட்டும்.